திடலைச் சுற்றி வந்த அடிவானம்

கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் செயற்கை அடிவானச் செயலியை (விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டுவது) நம்பி, எஞ்சின் இல்லாத கிளைடரை ஓட்டும் ஒரு விமானிகூட மேகத்துக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. இதை எழுத உட்கார்ந்த காரணம் அதுதான். அந்தச் செயலி பொய் சொல்வதை மலேசியாவின் பீடோங்கில், ஒரு தோட்டத்துத் திடலில், தங்கை மகனின் மைவி காருக்குள் இருந்தபடி என் கண்ணால் பார்த்தேன். அதே செயலியை ஒரு காலத்தில் நானும் கைப்பேசியில் வைத்திருந்தேன். ஆபத்துக்கு உதவும் என்று நினைத்திருந்தேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டியவர். இப்போது அந்தக் காடு முழுவதும் செம்பனை. மின்னணுவியல் படித்துவிட்டு இங்கிலாந்தில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். அங்கேதான் வார இறுதிகளில் கிளைடர் ஓட்டப் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆண்டுக்கு ஒரு மாதம் அங்கே போய் வருகிறேன். மூன்று நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கிய ஒற்றை இருக்கைக் கிளைடர் ஒன்று அங்கே இருக்கிறது. கண்ணாடியிழை உடல், நல்ல பழசு.

உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் இல்லாமல் எப்படி மேலேயே நிற்கிறது?" என்பது. ஆற்றில் பாறையைத் தாண்டும் நீர் கீழே இறங்கி, மறுபடி எழும்பி, அலை அலையாக ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். மலையைத் தாண்டும் காற்றும் அப்படியே ஓடுகிறது. அந்த அலையின் எழும் பக்கத்தில் கிளைடரை நிறுத்திவிட்டால் மணிக்கணக்கில் பறக்கலாம். அலை இறங்கும் இடத்தில் மேகம் கரைந்து ஓர் இடைவெளி திறந்திருக்கும். மேலே போவதும் கீழே வருவதும் அந்த இடைவெளி வழியாகத்தான். காற்றில் ஈரம் கூடினால் அது மூடிக்கொள்ளும். எல்லாரும் பாடத்தில் படித்ததுதான், எனக்கும் தெரிந்ததுதான்.

அன்று வேல்ஸ் எல்லை மலைகளுக்கு மேலே 9,000 அடியில் இருந்தேன். கீழே பச்சை வயல்கள் தெரிந்த இடைவெளி பத்து நிமிடத்துக்குள் வெள்ளைத் துணி போர்த்தியது போல மூடிவிட்டது. இன்னொரு இடைவெளி தேடி அலைந்ததில் உயரம் போயிற்று. மேகத்தின் மேல்பரப்பு 6,500 அடியில் இருந்தது. அதற்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. என்னிடம் இருந்தவை வேகமானி, உயரமானி, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர், திசைகாட்டி ஆகிய நான்கு மட்டுமே. சாய்வையோ திருப்பத்தையோ காட்டும் கைரோ (சுழலும் சக்கரத்தால் இயங்கும் கருவி) எதுவும் இல்லை.

நேராகப் பறந்தே இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். இறக்கைகள் சமமாக இருப்பதாகவே உடம்பு சொன்னது. அரை நிமிடம் போயிருக்கும். காற்றின் ஓசை கூடத் தொடங்கியது. வேகமானி 70 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), 85, 100 என்று ஏறியது. கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்தேன். உடம்பு இருக்கையில் அழுந்தியதே தவிர வேகம் குறையவில்லை. திசைகாட்டி சுழன்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து சுழல்பாய்ச்சலில் போகிறேன் என்று அந்தத் திசைகாட்டியைப் பார்த்துத்தான் புரிந்தது. சாய்வை எடுக்காமல் கோலை இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். இழுப்பு எல்லை மீறினால் இறக்கை முறியும். ஆனால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பது என் உடம்புக்குத் தெரியவே இல்லை.

இறக்கையிலிருந்து எழும்பி வேகத்தைத் தடுக்கும் ஏர்பிரேக்கை முழுவதும் திறந்து, கோலிலிருந்து கையையும் சுக்கானிலிருந்து காலையும் எடுத்துவிட்டேன். பழைய பயிற்றுநர் ஒருவர் என்றோ சொன்னது நினைவுக்கு வந்ததால் செய்தேன். கிளைடர் ஓரிரு முறை மூக்கை உயர்த்தித் தாழ்த்தியது. பிறகு வேகம் 70 நாட்டை ஒட்டி ஏறியிறங்க, ஒரே பக்கமாகச் சுழன்று இறங்கத் தொடங்கியது. 2,700 அடியில் மேகத்துக்குக் கீழே வந்தேன். எனக்குக் கீழே இருந்த மலைமுகடு ஏறத்தாழ 2,000 அடி. மேகம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்தச் சுழல் இறக்கம் எல்லாக் கிளைடருக்கும் ஒத்துவராது என்பதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். சில கிளைடர்கள் கையை விட்டால் அடங்குவதற்குப் பதிலாகச் சாய்வை இறுக்கிக்கொண்டே போகும். எடை முன்பின் மாறினால் அதே கிளைடர்கூட வேறு மாதிரி நடந்துகொள்ளும். நல்ல வெயில் நாளில், போதிய உயரத்தில், உங்கள் கிளைடரில் இதைச் செய்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அதுவரை செய்து பார்த்ததே இல்லை. அது என் பெரிய தவறு.

உடம்பு ஏன் ஏமாற்றியது? உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் சுழற்சி தொடங்குவதையும் மாறுவதையும் மட்டுமே உணரும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் பத்து இருபது விநாடிக்குள் அந்த உணர்வு அடங்கி, நேராகப் போவது போலவே தோன்றும். இதில் கெட்டிக்காரன், அனுபவசாலி என்ற வேறுபாடு கிடையாது. 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டுப் பறக்க வைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 விநாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. அவர்கள் ஓட்டியது எஞ்சின் விமானம். இழுவை குறைந்த கிளைடர் மூக்கைத் தாழ்த்தினால் வேகம் இன்னும் சீக்கிரம் ஏறும்.

ஊர் திரும்பியதும் கருவி தேட ஆரம்பித்தேன். என் தேவை சின்னது. மேகத்துக்குள் போய் உயரம் பிடிப்பது என் நோக்கம் இல்லை. ஐரோப்பிய விதிகளில் அதற்குத் தனித் தகுதி பெற வேண்டும். மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிடம் இறக்கைகளை ஏறத்தாழச் சமமாக வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். விலை எங்கள் நான்கு பேருக்கும் கட்டுப்படியாக வேண்டும். வானூர்திக்கென்றே சான்றளித்து விற்கும் புதிய கைரோ அடிவானம் மலேசிய வெள்ளிக் கணக்கில் பல ஆயிரம். கார்மின் ஜி5 போன்றவை காற்று வேகத்தை அளக்க உதவும் வேகக்குழாய், ஜி.பி.எஸ். இரண்டின் துணையோடும் இயங்கும் அருமையான கருவிகள். எங்கள் கிளைடரின் மொத்த மதிப்போடு ஒப்பிட்டால் மனம் ஒப்பவில்லை.

அடுத்து, படைத்துறையில் கழித்துக்கட்டிய பழைய கைரோக்களைப் பார்த்தேன். விலை மலிவு, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அவற்றில் பல 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. கிளைடரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. நடுவில் ஒரு மின்மாற்றுப் பெட்டி வேண்டும். அது தனியே மின்சாரம் தின்னும். கைரோ வேகம் பிடித்து நிமிர்ந்து நிற்கச் சில நிமிடம் ஆகும். மேகம் சூழ்ந்த பிறகு விசையைத் தட்டினால் பயன் இல்லை. தேய்ந்த பேரிங்கை மாற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பதும் அரிது. ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்த பிறகு அந்த வழியை விட்டுவிட்டேன்.

பிறகு திருப்பம் காட்டும் முள். இது சாய்வைக் காட்டாது. விநாடிக்கு எத்தனை பாகை திரும்புகிறோம் என்பதை மட்டும் காட்டும். முள் நடுவில் நின்றால் திரும்பவில்லை. திரும்பாமல், பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்ட வளைந்த குழாய்க்குள் உருளும் குண்டும் நடுவில் இருந்தால் இறக்கைகள் சமம். இதிலும் ஒரு குழி இருக்கிறது. எஞ்சின் விமானத்துக்குச் செய்த முள்ளின் குறி விநாடிக்கு 3 பாகை, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. கிளைடர் வெப்பக்காற்றில் 50 நாட் வேகத்தில் 45 பாகை சாய்ந்து சுற்றினால் விநாடிக்கு ஏறத்தாழ 22 பாகை திரும்பும். ஒரு சுற்றுக்கு 16, 17 விநாடி போதும். விமானத்து முள்ளை அப்படியே கிளைடரில் மாட்டினால் கொஞ்சம் சாய்ந்ததுமே ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சாய்வு கூடுகிறதா குறைகிறதா என்பதை அதற்குப் பிறகு அது சொல்லாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குமுன் அளவுகோலைப் பாருங்கள். கிளைடருக்கென்று செய்தவற்றில் அளவு பெரிதாக இருக்கும்; சிலவற்றில் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

கடைசியாக மின்னணுக் கருவிகள். சிறிய சில்லுக்குள் சுழற்சியை உணரும் உணரியும் முடுக்கமானியும் இருக்கின்றன. அதே வகைச் சில்லுதான் கைப்பேசியிலும் இருக்கிறது. அப்படியானால் கைப்பேசியே போதாதா? என் நண்பர்கள் மூவரும் கேட்டார்கள். மேசைமேல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் செயலி அழகாக வேலை செய்கிறது. யாரும் மயங்கிப் போவார்கள்.

மேசைச் சோதனை எனக்குப் போதவில்லை. கிளைடரின் சுற்றைத் தரையிலேயே உண்டாக்க முடியுமா என்று கணக்குப் போட்டேன். 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓடினால் ஒரு சுற்று 15 விநாடி. கிளைடரின் சுற்றுக்கு மிக அருகில் வருகிறது. தோட்டத்துத் திடல் அதற்குத் தாராளமாகப் போதும். மழை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறிவிட்டு, தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். திடலின் நடுவில் ஒரு கட்டையை அறைந்து, 20 மீட்டர் கயிற்றைக் கட்டி, வட்டம் முழுவதும் சுண்ணாம்புப் பொடி தூவினோம். ஜெராய் மலையின் தலை அன்றும் மேகத்துக்குள்தான் இருந்தது.

முன்பலகையில் கைப்பேசியை இறுகப் பொருத்தினோம். அவன் ஓட்ட, நான் பார்த்தேன். வலப்பக்கமாகச் சுற்றினோம். கார் சாயவில்லை, உடல் இரண்டு மூன்று பாகை அசைந்திருக்கலாம். நேர்மையான கருவி அடிவானத்தைச் சமமாகக் காட்ட வேண்டும். அரைச் சுற்று முடிவதற்குள்ளேயே செயலியின் அடிவானம் நகரத் தொடங்கியது. மூன்றாம் சுற்றில், நாங்கள் 18 பாகை இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மாமா, அந்த வேல் சாய்வதைப் பாருங்கள்" என்றான் அவன். பின்புறக் கண்ணாடியிலிருந்து தொங்கிய சிறிய பித்தளை வேல், கயிற்றோடு இடப்பக்கம் சாய்ந்து நின்றது. செயலி சொன்ன அதே சாய்வு.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முடுக்கமானிக்குக் கீழ் என்றால் வேல் தொங்கும் திசைதான். சுழற்சியுணரி தனியே விட்டால் மெல்ல மெல்ல வழி தவறும் என்பதால், செயலி அதை அடிக்கடி இந்தக் 'கீழ்' திசைக்கு இழுத்துச் சரிசெய்கிறது. நேராகப் போகும்போது இது சரி. சுற்றும்போது அந்தக் கீழ் பொய்.

கிளைடரில் இது இன்னும் கொடுமையாக இருக்கும். ஒழுங்காகச் சாய்ந்து திரும்பும் கிளைடருக்குள் ஒரு வேலைத் தொங்கவிட்டால் அது தரைப்பலகையை நோக்கி நேராகத் தொங்கும். 45 பாகை வலப்பக்கம் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். ஆகவே செயலி சிறிது நேரத்தில் "இறக்கைகள் சமம்" என்று காட்டத் தொடங்கும். இப்போது தற்செயலாகவோ வேறொரு கருவியைப் பார்த்தோ நீங்கள் உண்மையிலேயே நிமிர்ந்துவிட்டால், அது 45 பாகை இடப்பக்கம் சாய்ந்துவிட்டதாக அலறும். நீங்கள் பதறி வலப்பக்கம் திருப்புவீர்கள். வெளியே வந்த சுழலுக்குள் அதுவே உங்களைத் திரும்பத் தள்ளிவிடும். கருவியே இல்லாமல் அன்று நான் கையை விட்டேன், பிழைத்தேன். அந்தச் செயலியைத் திறந்து வைத்திருந்தால் கையை விட்டிருக்க மாட்டேன்.

அடுத்து, ஜி.பி.எஸ். துணையோடு இயங்கும் கையடக்க அடிவானம் ஒன்றை வைத்துச் சுற்றினோம். நண்பர் ஒருவர் எனக்குக் கடனாக அனுப்பியது. நான்கு சுற்றுக்கும் இரண்டு பாகைக்கு மேல் அது நகரவில்லை. எந்த வேகத்தில் எவ்வளவு திரும்புகிறோம் என்று ஜி.பி.எஸ். சொல்வதால் சுற்றின் இழுப்பைக் கழித்துவிட்டு உண்மையான கீழைக் கண்டுபிடிக்கிறது. பிறகு அதன் தலையில் அலுமினியத் தாளைச் சுற்றி ஜி.பி.எஸ். சமிக்ஞையைத் தடுத்தேன். இரண்டே சுற்றில் கைப்பேசி போலவே சாயத் தொடங்கியது. அதைவிட எனக்குக் கவலை தந்தது, திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்பது. நல்ல கருவி தனக்குத் தெரியாதபோது பெரிய சிவப்புக் குறுக்குக்கோடு போட்டு மறைந்துகொள்ள வேண்டும். வாங்கும் முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். வேகக்குழாயிலிருந்து காற்றழுத்தம் வாங்கி இயங்கும் கருவிகளைக் காரில் இப்படிச் சோதிப்பது மட்டும் நியாயமில்லை. அவற்றுக்குக் காற்று வேகம் கிடைக்காது.

மூன்றாவதாகத் திருப்பம் காட்டும் மின்னணு முள். வட்டத்துக்குள் நுழைந்ததும் விநாடிக்கு 24 பாகைக்குப் போய் நின்றது. பத்துச் சுற்றுக்கும் அங்கேயே நின்றது. கார் நின்றதும் நடுவுக்கு வந்தது. அதற்குக் கீழ் எது என்ற கேள்வியே கிடையாது. ஆகவே அதை அந்த வழியில் ஏமாற்றவும் முடியாது. அதன் உணரி விநாடிக்கு அரைப் பாகை தவறினாலும் அந்தத் தவறு அரைப் பாகையாகவே நிற்கும். சேர்ந்து சேர்ந்து பெருகாது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

திடலில் செய்ய முடியாத சோதனைகள் சில இருந்தன. இங்கே கொளுத்தும் வெயிலில் பூட்டிய காருக்குள் கருவி அடையும் சூடு வேறு, வேல்ஸில் பத்தாயிரம் அடியில் வாட்டும் குளிர் வேறு. இந்தச் சில்லுகளின் பிழை வெப்பநிலையோடு மாறும். பக்கத்துக் கடைக்கார அண்ணனிடம் கேட்டு, நெகிழிப் பையில் இறுகக் கட்டி, மீன் வைக்கும் உறைபெட்டிக்குள் ஒரு மணி நேரம் இரண்டு கருவிகளையும் வைத்தேன். முள் கால் பாகை விலகியது; பொத்தானை அழுத்தியதும் சரியானது. கையடக்கக் கருவியின் திரை சோம்பியது. பேட்டரி அளவு பாதியாக இறங்கிவிட்டது. குளிரில் பறப்பவர்கள் பேட்டரிக் கணக்கைப் பாதியாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

மின்னழுத்தச் சோதனையை யாரும் விட்டுவிடக் கூடாது. பட்டறையில் அழுத்தத்தை 12 வோல்ட்டிலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தேன். முதலில் வாங்க நினைத்த ஒரு கருவி 10.8 வோல்ட்டில் அணைந்து மறுபடி தொடங்கியது. முழுதாக எழ 40 விநாடி எடுத்துக்கொண்டது. பழைய பேட்டரியோடு பறக்கும்போது வானொலியில் பேச அழுத்தினாலே அந்த அளவுக்கு இறங்கும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டவன் முதலில் செய்வதே வானொலியில் சொல்வதுதான். ஆகவே முள்ளுக்கென்று சிறிய தனி பேட்டரி ஒன்றை வைத்துவிட்டேன்.

ஒரு சிறு செய்தி. பீடோங் காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர். புவியின் காந்தக் கோடுகள் இங்கே ஏறத்தாழக் கிடைமட்டமாக ஓடுகின்றன. பிரிட்டனில் அவை 65 பாகைக்கு மேல் தரைக்குள் சாய்கின்றன. திரும்பும்போது திசைகாட்டி முந்துவதும் பிந்துவதும் அந்தச் சாய்வால்தான். இங்கே ஒழுங்காக நடந்துகொண்ட காந்த உணரி அங்கேயும் அப்படியே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கிளைடர்ப் பலகைகளில் பொதுவாக இருக்கும் 57 மில்லிமீட்டர் துளைக்குள் அந்த முள் இப்போது உட்கார்ந்திருக்கிறது, வேகமானிக்கு நேர் பக்கத்தில். கண் இரண்டுக்கும் இடையே மட்டும் ஓட வேண்டும் என்பதால் அந்த இடம். நிரந்தரமாகப் பொருத்த எங்கள் கிளைடர் மன்றத்தின் ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கினோம். நான்கு பேருக்கும் பங்கு பிரித்தபோது ஆளுக்குச் சில நூறு வெள்ளிதான் ஆயிற்று. போட்டியில் கலந்துகொள்பவர்களுக்கு ஒன்று: உலகப் போட்டி விதிகள், தரையைப் பார்க்காமல் பறக்க உதவும் கருவிகளைத் தடை செய்கின்றன. எளிதில் கழற்றக்கூடியபடி பொருத்தினால் நல்லது.

பொருத்தியதோடு வேலை முடியவில்லை. சென்ற முறை போனபோது இரட்டை இருக்கைக் கிளைடரில் பயிற்றுநர் பின்னால் இருக்க, என் முன் கண்ணாடியைத் தாளால் மறைத்துவிட்டு இதே வகை முள்ளோடு பறந்தேன். முதல் முயற்சியில் இரண்டு நிமிடத்துக்குள் வேகம் 90 நாட்டைத் தாண்டியது. முள்ளை விட்டுவிட்டு வேகத்தைத் துரத்தினேன், தவறு அதுதான். முதலில் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், அதன் பிறகே வேகத்தைத் தொட வேண்டும். வேகமானி சற்றுத் தாமதமாகச் சொல்வதால் கோலைக் கொஞ்சமாக அசைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஏர்பிரேக்கை முதலிலேயே திறந்துவிட்டால் வேகம் ஓடிவிடாது. மூன்றாம் நாள், ஏர்பிரேக் திறந்தபடி, ஆறு நிமிடம் இறக்கைகளை ஐந்து பாகைக்குள் வைத்திருந்தேன். பயிற்றுநர் நேரத்தை அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தார். நண்பர்கள் மூவரும் ஆளுக்கு மூன்று பறப்பு அதே மாதிரி செய்தார்கள். முள்ளை நம்பி இடைவெளி மூடும்வரை மேலே உட்கார்ந்திருப்பதில்லை என்றும் நால்வரும் பேசி வைத்திருக்கிறோம். கீழே தெரியும் பச்சை பாதியாகக் குறைந்ததும் ஏர்பிரேக்கைத் திறந்து இறங்கிவிடுவோம்.

அந்தச் செயலியை நால்வருமே கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டோம்.